நீல யன்னலுக்கு ஒரு முழுப் பகல்

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். இரண்டு பேருக்கும் ஆறியிருக்கும். "ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டுதானே அப்பா கேட்டனான்" என்று மெல்லச் சொன்னாய். நான் பதிலுக்கு மூச்சு எடுப்பதற்குள் "சரி, பரவாயில்லை" என்று வைத்துவிட்டாய். அந்தப் பரவாயில்லையை நான் முன்பும் ஒருமுறை உன் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். எந்த இடத்தில் என்று உனக்கும் தெரியும்.

இதைச் சொல்வது நான், எழுதுவது உன் அம்மா. என் கண் இப்போது எழுத்துக்கு உதவாது. அந்தக் கதை பின்னால் வரும். நீ சிறுவயதில் படித்த தமிழ் வகுப்பின் ஆண்டு மலருக்குப் பெற்றோர் யாராவது தன் பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதித் தரவேண்டுமாம். மொன்ட்ரியால்-நோர் முழுவதும் தேடியும் என்னைப்போல ஒரு ஆள் கிடைக்காமல், மலர்க் குழுவினர் திரண்டு வீட்டுக்கு வந்து கெஞ்சினார்கள். அம்மா பேனையை வைத்துவிட்டாள். "கடையிலை அரிசி மூட்டை தூக்கேக்கை ஒரு பொடியன் கேட்டவன். அதை எழுதட்டோ?" என்கிறாள். இப்படித்தான் மகன், நான் கூட்டிச் சொன்னால் எழுதமாட்டாளாம். அந்த நிபந்தனையில்தான் பேனையைத் தொட்டாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், ஆனால் அது அந்தக் காலத்து எட்டு. அம்மா அதற்கு மேலும் படித்தவள். ஆகவே இதில் எழுத்துப் பிழை இருந்தால் அது அவளுடைய கணக்கில் சேரட்டும். மலர் வருட முடிவில்தான் வரும். உன் விமானம் அதுவரை நிற்காது என்பதால் கைப்பிரதியை உனக்கு இப்போதே தருகிறேன். உனக்குத் தமிழ் ஊர்ந்து ஊர்ந்துதான் வரும். துளசியை வாசிக்கச் சொல். இங்கே புரோசார்ட்டில் பிறந்து வளர்ந்தாலும் உன் மனைவி தடக்காமல் வாசிக்கிறாள்.

நடந்தது என்ன என்று மற்றவர்களும் விளங்கிக்கொள்ளட்டும். கல்யாணம் முடிந்த கையோடு, நீயும் துளசியும் ஆனி மாதத்தில் பிரான்சுக்கு ஒரு கிழமை போகப்போகிறோம் என்றாய். அதில் ஒரு நாள் முழுவதும் ஷார்த்ர் என்ற ஊரில் இருக்கும் பழைய தேவாலயத்தின் நிறக் கண்ணாடி யன்னல்களுக்கு. விடிய வெளிக்கிட்டால் பொழுதுபட்ட பிறகுதான் திரும்புவோம் என்றாய். எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: பாரிஸில் இருக்கும் சொந்தக்காரர் எவருக்கும் மூச்சு விடக்கூடாது. நான் ஓம் என்றேன். மனதாரத்தான் ஓம் என்றேன். மறுநாள் காலை மூலையில் இருக்கும் சின்னக் கடைக்கு, தெப்பனருக்கு, பால் வாங்கப் போனவன், பாலை மறந்து, தொலைபேசி அட்டையோடு திரும்பி வந்தேன்.

என் தங்கச்சிக்கு, உன் மாமிக்குத்தான் முதலில் அடித்தேன். "என்ரை மருமோன் பொம்பிளையோடை வாறானோ அண்ணை!" என்று அவள் குழறியதில் எனக்கும் நெஞ்சு நிரம்பிவிட்டது. நான் சும்மா இருப்பேனா? அவன் பெரிய சரித்திர ஆராய்ச்சி செய்யப் போகிறான், பிரெஞ்சு அரசாங்கமே கூப்பிட்டிருக்கிறது என்று இரண்டு வார்த்தை சேர்த்தேன். அன்று பின்னேரத்துக்குள் உங்கள் ஒரு கிழமையைப் பாரிஸ் முழுவதும் பங்கு போட்டு முடித்துவிட்டது. திங்கள் மத்தியானம் பெரியப்பா வீடு, இரவு ஒன்றுவிட்ட அக்கா வீடு, செவ்வாய் இன்னொரு வீடு. உன் ஷார்த்ர் நாள் மாமியின் பங்குக்கு விழுந்தது. "அண்டைக்கு என்ரை வீட்டிலை கூழ்" என்றாள். உனக்குத் தெரியும், நம்மவர்களில் ஒருவன் பாரிஸுக்குப் போய் ஈபிள் கோபுரத்தைப் பார்க்காமல் வந்தால் எவரும் கேட்கமாட்டார்கள். சொந்தக்காரர் வீட்டுச் சோபாவில் இருந்து சாப்பிடாமல் வந்தால், அதைத் தலைமுறைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். மாமி உன்னையே தொலைபேசியில் கூப்பிட்டு வாழ்த்தியபோதுதான் உனக்கு விஷயம் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

அந்தக் கண்ணாடிப் பித்து உனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். உன் தமிழ் வகுப்பு சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில்தான் நடக்கும். மேலே அவர்களுடைய பூசை, கீழே உங்களுடைய ஆனா ஆவன்னா. ஒருநாள் நான் ஏற்ற வந்தபோது கீழே உன்னைக் காணவில்லை. ஏறிப் பார்த்தால், மேலே வெறும் தேவாலயத்தில் மர வாங்கின் மேல் மல்லாந்து கிடக்கிறாய், ஒரு கையை விரித்துப் பிடித்தபடி.

"என்னடா செய்யிறாய், வேதக்காரற்றை கோயிலுக்கை?"

"கையிலை நீலம் விழுந்திருக்கப்பா. கழுவாமல் வீட்டை கொண்டுபோகலாமோ?"

"வாடா, காருக்கு டிக்கெட் எழுதப்போறான்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அன்று ஊரெல்லாம் என்ன சொல்லித் திரிந்தேன் தெரியுமா? என் மகன் பாதிரியாரோடு பிரெஞ்சில் தர்க்கம் பண்ணினான், பாதிரியார் வாயடைத்துப் போனார் என்று. அங்கே பாதிரியாரே இல்லை. இருந்தது நீயும் உன் உள்ளங்கை நீலமும்தான். அது எந்த யன்னலிலிருந்து விழுகிறது என்று நான் தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு நீ பல்கலைக்கழகத்துக்குப் போனாய். சரித்திரம் படிக்கிறேன் என்றாய். எஞ்சினியர் என்று எல்லோரிடமும் நான் சொல்லி வைத்திருந்ததால் கொஞ்சக் காலம் ஆட்களைச் சமாளிக்கக் கஷ்டப்பட்டேன். படித்துக்கொண்டே தெப்பனரில் நின்று உழைத்த காசில், யூரோ புதிதாய் வந்த அந்தக் காலத்தில், மார்கழி நத்தார் விடுமுறைக்கு எங்கள் இருவரையும் பாரிஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். துறைமுகக் களஞ்சியத்தில் அத்தனை வருடமும் போர்க்லிஃப்ட் ஓட்டிய எனக்கு, உலகத்துச் சாமான் எல்லாம் கொள்கலனில் வந்து என் காலடியில் இறங்கியிருக்கிறது. ஆனால் நான் உலகத்துக்கு இறங்கியது அதுதான் முதல் தடவை.

நோத்ர்டாம் வாசலில் நான் எப்படி நின்றேன் என்று உனக்கு நினைவிருக்கும். கையில் வீடியோ கமரா, பின்னால் மாமியின் குடும்பம், அவர்களோடு ஒட்டிக்கொண்ட இரண்டு மூன்று தெரியாத தமிழ் ஆட்கள். மேலே வாயைப் பிளந்துகொண்டிருக்கும் கல் பூதங்களைக் காட்டி, "உதெல்லாம் அந்தக் காலத்து ராசாவின்ரை வரி வாங்கிற அதிகாரிகள். சனம் சாபம் போட்டுக் கல்லாப்போச்சினம்" என்று விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நீ என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "அது மழைத்தண்ணி ஓடுற பீலியப்பா. கூரைத் தண்ணி சுவரிலை படாமல் வாயாலை துப்புறது" என்றாய். மற்றவர்களுக்குக் கேட்காமல்தான் சொன்னாய். எனக்கு மரியாதை வைத்துத்தான் சொன்னாய். நான் அதையும் கமராவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "பீலியாம்! படிச்ச பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தால் ராசாவையும் கூரையிலை ஏத்திப்போடுவான்!" எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். வீடியோவில் நீ சிரிப்பது இருக்கிறது. இப்போது அம்மா போட்டுக்காட்டும்போது எனக்கு முகம் தெரிவதில்லை, சிரிப்பு மட்டும் கேட்கிறது. கேட்டால் அது சிரிப்பு மாதிரி இல்லை, ராசா.

அந்தப் பயணத்தில் நீ உனக்கென்று கேட்டது ஒரே ஒரு நாள். "மற்ற எல்லா நாளும் நீங்கள் சொல்லுற வீட்டுக்கு வாறன். ஒரு நாள் மட்டும் ஷார்த்ருக்கு, நாங்கள் மூண்டு பேரும். காலமை ரயில்." அம்மா முதல் நாளே ரொட்டி சுட்டுப் பையில் வைத்துவிட்டாள். விடிய மாமி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். முதல் நாளே நண்டு, மீன், ஒடியல் மா எல்லாம் எடுத்து வைத்திருந்தாளாம். "அண்ணை, கூழ் காய்ச்சிறன். ஒரு கோப்பை குடிச்சிட்டுப் போங்கோ. குடிக்காமல் போனால் நான் இனி மொன்ட்ரியால் பக்கம் தலைவைச்சும் படுக்கன்." கூழ் என்பது ஒரு கோப்பையில் முடிகிற காரியமா? அது கொதிக்கவேண்டும், எல்லோரும் வந்து சேரவேண்டும், வட்டமாக இருக்கவேண்டும், கதை எழும்பவேண்டும். நீ மணிக்கூட்டைப் பார்த்தாய். நான் பெரிய மனிதனாக உன் முதுகில் தட்டினேன்.

"உந்தச் சேர்ச் எங்கை ஓடப்போகுது? நூற்றுக்கணக்கான வருஷமாய் அங்கைதானே நிக்குது."

"சேர்ச் நிக்கும் அப்பா. வெயில் நிக்காது."

அதற்கும் வீடு முழுக்கச் சிரித்தது. மாமா அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லி, "மருமோன் கவிஞனாயிட்டான்" என்று இன்னும் ஒரு கரண்டி கூழை உன் கோப்பையில் ஊற்றினார். நீ குடித்தாய். எனக்குத் தெரியும், அந்தக் கூழில் நீ ருசி காணவில்லை. அம்மாவும் குடிக்கவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும் துறைமுகக் கதையில் ஒரு கப்பலைத் தனியாளாக இழுத்துக்கொண்டிருந்தேன்.

மொன்பர்னாஸ் ரயில் நிலையத்துக்கு நாங்கள் வந்து சேரும்போது மத்தியானம் சரிந்துவிட்டது. ரயில் யன்னலில் நீ முகத்தை ஒட்டிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். வயல், மரம், பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நீ பார்த்தது வெளிச்சத்தை என்று இப்போது விளங்குகிறது. மார்கழி மாதத்துச் சூரியன். ஷார்த்ரில் இறங்கி மேட்டில் ஏறும்போது தெரு விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன.

வாசலில் அம்மா தன் சப்பாத்தைக் கழற்றினாள். நத்தார்க் குளிரில், கல் தரையில், வெறும் காலுறையோடு. கோயில் என்றால் அவளுக்குக் கோயில்தான். வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, "போடடி சப்பாத்தை" என்றேன். நீ குனிந்து அந்தச் சப்பாத்துகளைக் கையில் எடுத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் நடந்தாய். உள்ளே மெழுகுதிரிகள் எரிந்தன. சுற்றிவர யன்னல்கள், வீடு உயரத்துக்கு மேலே வீடு உயரமாக. அத்தனையும் கறுப்பு. தார் பூசிய தகரம் மாதிரி.

"எது ராசா நீ சொன்ன நீலம்?" என்று அம்மா கேட்டாள்.

"அந்தா, அதிலை அம்மா. அந்த மூலையிலை இருக்கிறது. வெயில் பட்டாத்தான் தெரியும்."

அவள் கழுத்து நோக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். நான் என்ன செய்தேன்? எனக்குத் தாங்க முடியவில்லை மகன். இவ்வளவு தூரம் கூட்டிவந்த பிள்ளைக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எனக்குத் தெரியுது. நல்ல வடிவாய்த் தெரியுது. மயில் கழுத்து நீலமெல்லே!" என்று தேவாலயம் எதிரொலிக்கச் சொன்னேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "சரி, பரவாயில்லை அப்பா" என்றாய். ஒரு வெள்ளைக்காரப் பொடியனிடம் உன் படம் எடுக்கும் கமராவைக் கொடுத்து மூவரும் அந்த யன்னலுக்குக் கீழே நின்று படம் எடுத்தோம். கொஞ்ச நேரத்தில் நாங்கள் ரயிலுக்கு இறங்கினோம். நீ இன்னொரு நாள் கேட்கவில்லை. மிச்ச நாட்கள் எல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே போயின.

அந்தப் படத்தைப் பெருப்பித்துத் தொலைக்காட்சிக்கு மேலே மாட்டியவன் நான். வந்த ஆட்களுக்கெல்லாம் விளக்கியவனும் நான். ராசா வைரத்தை உருக்கிக் கண்ணாடியில் ஊற்றினான், உள்ளே நின்றால் கடலுக்கடியில் நிற்பது மாதிரி இருக்கும், சட்டையெல்லாம் நீலமாகிவிடும் என்று. இந்த ஊரில் என் வாயால் ஷார்த்ரைப் பார்த்தவர்கள் அநேகம். அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் இதை மலருக்குக் கொடுக்கிறேன்: நான் அதைப் பார்க்கவில்லை. நான் கதை சொல்லத் தொடங்கினால் நீ தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவாய். உனக்குக் கிடைக்காததை உனக்கு முன்னாலேயே நான் விற்றுக்கொண்டிருந்தேன்.

இனி என் கண்ணின் கதை. உன் கல்யாண வரவேற்பன்று துளசி சேலை மாற்றிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தாள். எல்லோரும் வடிவு வடிவு என்றார்கள். நான் அம்மாவின் காதில், "ஆரடி இந்த நல்ல நாளிலை பிள்ளைக்குக் கறுப்புச் சேலை எடுத்தது?" என்று கடிந்தேன்.

"இஞ்சாருங்கோ, என்ன கதைக்கிறியள்? அது நீலமெல்லே."

"நீலமோ?"

"நல்ல கடல் நீலம். உங்கடை மோனே தேடி எடுத்தவன்."

அடுத்த கிழமை அம்மா என்னை இழுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் போனாள். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் திரையில் இரத்தம் கசிந்திருக்கிறதாம். சீனி வருத்தம், நீரிழிவு பார்த்த வேலை. லேசர் அடித்து மிச்சம் இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்பார்களாம், போனது திரும்பாதாம். வலது கண்ணில் பெரும்பாலும் புகார் மூட்டம். இடது கண்ணில் ஆட்கள் தெரிகிறார்கள், ஆனால் நீலமும் கறுப்பும் இனி எனக்கு ஒன்றுதான். வேலையை விட்டு, போர்க்லிஃப்டின் திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என்னைப் போகவேண்டாம் என்று களஞ்சியமே அழுதது என்று ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அம்மா பேனையை வைத்துவிட்டாள். ஒருவர் அழுதார், அது நான்தான். உங்கள் சந்தோசத்தைக் கெடுக்கக்கூடாது என்று உனக்கு இதைச் சொல்லாமல் இருந்தோம்.

ஆகவே இந்த உலகத்தில் நான் இனிப் பார்க்க முடியாத ஒன்று இருக்கிறது என்றால், அது நீ எனக்குக் காட்டக் கூட்டிப்போன அந்த யன்னல்தான். நடு மத்தியானத்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும் எனக்கு அது அன்று பார்த்தது மாதிரியே இருக்கும். எனக்குக் கிடைத்த பகலை நான் கூழ்ச் சட்டியைச் சுற்றி இருந்து முடித்துவிட்டேன். அது போகட்டும். ஆனால் உன் பகலையும் சேர்த்து முடித்தேன் பார், அதுதான் ஆறுதில்லை. ஆறாமல் கிடக்கும்போதே அதே சட்டியை மறுபடியும் அடுப்பில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன்.

நீ வைத்த பிறகு வெகுநேரம் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தேன். மறுநாள் தெப்பனருக்குப் போய் அட்டைகள் வாங்கினேன். அம்மா இலக்கங்களை அழுத்தித் தந்தாள். நான் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்த வித்தையை எடுத்தேன். ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு, பயணம் மாறிவிட்டது, பிள்ளைகள் நயாகராவுக்குப் போகிறார்கள் என்றேன். மற்றவர்கள் நம்பிவிட்டார்கள். மாமிதான் விடவில்லை.

"நயாகராவோ அண்ணை? அது உங்கடை பக்கத்திலைதானே கிடக்கு. ஒரு கிழமையாய் அதிலை என்னத்தைப் பாக்கிறது?"

"தண்ணி விழுறதை."

"ஒரு கிழமையும் விழுறதையோ?"

"புதுசாய்க் கட்டினதுகள். விடு பிள்ளை."

"எனக்கு விளங்குது. எங்கடை வீடு உங்களுக்குச் சிறுத்துப்போச்சு" என்று விசும்பிக்கொண்டே வைத்துவிட்டாள். அவள் என் ஒரே தங்கச்சி. பெரிய பெரிய பொய் சொல்லி ஆட்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இந்தச் சின்னப் பொய்யில் அவள் அழுதாள். மலர் வந்ததும் அவளுக்கு ஒரு பிரதி அனுப்புவேன். பேந்து அவள் என்னை வேண்டியமட்டும் திட்டட்டும். அவள் கூழில் ஒரு குற்றமும் இல்லை என்பதையும் இதிலேயே எழுதிவைக்கிறேன். அடுத்த முறை போகும்போது அவள் வீட்டிலேயே தங்கி, சட்டியோடு குடியுங்கள்.

இப்போது பாரிஸில் உங்களுக்காக ஒரு வீட்டிலும் உலை கொதிக்கவில்லை. அந்த நாள் முழுவதும் உன்னுடையது. முதல் ரயிலைப் பிடி. வழியில் சாப்பிட இருக்காதே, துளசியிடம் ரொட்டி கட்டிக் கொடுத்துவிட அம்மா ஏற்கெனவே ஆயத்தமாக நிற்கிறாள். லாச்சப்பல் பக்கம் தப்பித் தவறியும் போகாதே, அங்கே தெரு முழுக்கத் தமிழ்க் கடை, எவராவது உன்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வெயில் ஏறும்வரைக்கும் அந்த யன்னலுக்குக் கீழே பொறுமையாக இருங்கள். துளசியின் கையில் நீலம் விழுந்தால் அவசரப்படுத்தாதே. அது தானாக நகர்ந்து போகும்வரைக்கும் இரு. அந்தச் சேலை வடிவாக இருந்தது என்று அவளிடம் சொல். அன்று நான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

எனக்குப் படம் எடுத்துக்கொண்டு வரவேண்டாம். சுவரில் இருக்கிற பழைய படம் போதும். அதில் யன்னல் கறுப்பு என்றாலும், நீ அம்மாவின் சப்பாத்துகளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறாயாம். இத்தனை வருடம் அதற்குக் கீழே இருந்து கதை அளந்தவனுக்கு அது கண்ணில் படவில்லை. போன கிழமை அம்மாதான் சொன்னாள். அதைக் கழற்றமாட்டேன். நீங்கள் திரும்பி வந்ததும் ஒரு பின்னேரம் வீட்டுக்கு வா. என் இடப்பக்கம் இரு, அந்தக் கண்ணில்தான் உன் உருவம் தெரியும். என்ன கண்டாய் என்று ஆறுதலாகச் சொல். நான் இடையில் மயிலைக் கொண்டுவரமாட்டேன், ராசாவைக் கொண்டுவரமாட்டேன். நீ முடிக்கும்வரைக்கும் குறுக்கே ஒரு வார்த்தை கதைக்கமாட்டேன்.

இந்தக் கடைசி வரியைச் சொல்லிவிட்டு நிறுத்திப் பார்த்தேன். அம்மா பேனையை வைக்கவில்லை. எழுதிவிட்டாள்.

அப்பா